மின் சூளையில் ஸ்டோன்வேர் கிளேஸ்: லீச் வழியா, லூசி ரீ வழியா?

மொட்டைமாடி_சூளை

வணக்கம். இதுவரை இங்க படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இப்ப ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன்.

சென்னை. மாடியில மேல்திறப்பு மின் சூளை, மூணு ஃபேஸ். 1280 டிகிரி வரைக்கும் தாங்கும்னு சொல்லித்தான் வித்தாங்க. ஆனா சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினா ஏற மறுக்குது, அதனால கோன் 6-லயே (கோன்னா எவ்வளவு வெந்துச்சுன்னு காட்டற கூம்பு; இது 1220–1240 டிகிரி) நிறுத்திடறேன்.

எனக்குப் பைத்தியம் பிடிச்சதெல்லாம் 1940, 50-கள்ல வந்த ஸ்டுடியோ பாத்திரங்கள் மேல, அதாவது அதிக சூட்டுல கெட்டியா வெந்த ஸ்டோன்வேர். இங்கிலாந்துல பெர்னார்ட் லீச், ஜப்பான்ல ஷோஜி ஹமாடா, அந்தக் குயவர் வரிசை. முக்கியமா டென்மோக்கு. உடம்பெல்லாம் கறுப்பா இருந்து, விளிம்புல மட்டும் கிளேஸ் (பாத்திரத்து மேல உருகிக் கண்ணாடியாகிற பூச்சு) மெலிஞ்சு துரு நிறம் எட்டிப் பார்க்குமே, அது. லீச் புத்தகத்துல இருக்கிற 4-3-2-1 கிளேஸைக் கலக்கினேன்: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் (சுண்ணாம்புத் தூள்) 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10. மேல 8 பங்கு சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. வந்தது சொரசொரப்பான செங்காவிப் பூச்சு, அவ்வளவுதான். இரும்பு போடாத சோதனை டைல் வெள்ளையடிச்ச சுவர் மாதிரி நிக்குது.

சரி, மின் சூளையில இது வராது போலன்னு விட்டுடலாம்னா, லண்டன்ல பாத்திரம் செஞ்ச லூசி ரீ ஞாபகம் வர்றாங்க. அவங்களும் மின் சூளைதான். அவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? நான் கிளேஸை மாத்தணுமா, இல்ல கேஸ் சூளைக்குக் காசு சேர்க்கணுமா?

கரிப்புகை

தம்பி, காசு சேருங்க.

டென்மோக்கு, செலடான் (சாம்பல் பச்சை), செம்புச் சிவப்பு, இந்த மூணும் தீ கொடுக்கிறது. சூளைக்குள்ள காத்தைக் குறைச்சா எரிபொருள் முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு நிறையும். அது ஆக்சிஜனுக்கு அலையும். கிளேஸ்ல இருக்கிற இரும்புகிட்ட இருந்தும் செம்புகிட்ட இருந்தும் பிடுங்கிக்கும். அதுதான் ரிடக்‌ஷன். ஒரு பங்கு, ஒண்ணரைப் பங்கு இரும்பு போட்ட அதே 4-3-2-1 என் கேஸ் சூளையில சாம்பல் கலந்த பச்சையா வருது. உங்க சூளையில வெளிறிப்போன மஞ்சள்தான் வரும். மின் சூளையில டென்மோக்குன்னு விக்கிறதெல்லாம் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

லூசி ரீ பெரிய ஆள்தான். ஆனா அவங்க செஞ்சது வேற விஷயம்.

உருகுநிலை

விருத்தாசலத்தில் செராமிக் தொழிலில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன.

முதலாவது வெப்பம். 4-3-2-1 கோன் 8 முதல் 10 வரைக்கான கிளேஸ், அதாவது ஏறத்தாழ 1250-லிருந்து 1300 டிகிரி. நீங்கள் 1230-ல் நிறுத்தினால் குவார்ட்ஸும் சுண்ணாம்பும் கண்ணாடியில் கரைந்து முடிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கரிப்புகை அவர்கள் தன் கேஸ் சூளையை 1230-ல் அணைத்தால் அவருக்கும் அதே சொரசொரப்புதான். இதில் தீக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது, இரும்பு. இதில் அவர் சொல்வது முக்கால் பங்கு சரி. ஆக்சிஜனை இழந்த இரும்பு (ஃபெரஸ்) நல்ல இளக்கி. தானும் உருகிப் பக்கத்தில் இருப்பதையும் உருக்கும். சிவப்பு இரும்பு (ஃபெரிக்) அந்த வேலையைச் செய்யாது. ஆனால் ஏறத்தாழ 1230-க்கு மேல் போனால், காற்று தாராளமாக இருக்கும் சூளையிலும் சிவப்பு இரும்பு தானாகவே கொஞ்சம் ஆக்சிஜனை விட்டுவிடும். அப்படி வெளியேறும் குமிழிகள் இரும்பைச் சுமந்துகொண்டு மேலே வந்து உடைந்த இடங்கள்தான் எண்ணெய்ப் புள்ளி டென்மோக்கு. சீனத்தில் சோங் காலத்துத் தேநீர்க் கிண்ணங்களில் பார்க்கிறோமே, அந்த வெள்ளிப் புள்ளிகள். அது ஆக்சிடேஷன் கிளேஸ், அதாவது காற்று தாராளமாக இருக்கும் சூட்டில் வருவது. எனவே டென்மோக்கு என்றாலே ரிடக்‌ஷன் என்று சட்டம் போட முடியாது. செலடானுக்கும் செம்புச் சிவப்புக்கும் போடலாம்.

உங்களுக்கு இரண்டு வழி. சூளை 1260 தொடுமா என்று காலை நேரத்தில், வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது பாருங்கள். முடியாவிட்டால் ஃபெல்ட்ஸ்பாரைக் குறைத்து அந்த இடத்தில் போரான் ஃபிரிட்டை (சீக்கிரம் உருகும் கண்ணாடிப் பொடி) 10, 20, 30 என ஏற்றி வரிசையாக டைல் போடுங்கள். ஏதோ ஒரு டைலில் பளபளப்பு வந்துவிடும். கருமையும் வரும்.

தேம்ஸ்கரை

வணக்கம். நான் மண் தொடுறேல்லை, பாக்கிறதும் வாசிக்கிறதும்தான். லண்டனில இருக்கிறதால லூசி ரீயின்ர சாமான்களைக் கனதரம் கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில பீங்கான் பகுதியில அவவின்ர வேலைக்கூடத்தையே திருப்பிப் பூட்டி வைச்சிருக்கினம். லண்டன் வாறாக்கள் தவறவிட வேண்டாம்.

அவ 1902-ல வியன்னாவில பிறந்தவ, யூதக் குடும்பம். 1938-ல நாசிகளிட்ட இருந்து தப்பி லண்டனுக்கு வந்து, ஹைட் பார்க்குக்குக் கிட்ட அல்பியன் மியூஸ் எண்ட சின்ன ஒழுங்கையில குடியிருந்தவ. போர்க்காலத்தில பிழைப்புக்குச் சட்டைத் தெறி செய்தவ, பீங்கான் தெறி. ஒவ்வொரு தையல்காரரும் தங்கட துணிக்கு ஏத்த நிறத்தில கேப்பினமாம். கிளேஸ் நிறத்தில அவவுக்கு வந்த கைப்பழக்கத்துக்கு அதுவும் ஒரு பள்ளிக்கூடம் எண்டுதான் நான் நினைக்கிறன். 1946-ல ஹான்ஸ் கோப்பர் அந்தத் தெறி வேலைக்கு உதவியா வந்து சேந்தவர். 1958 வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ வேலை.

லீச்சுக்கு அவவின்ர சாமான் முதல்ல பிடிக்கேல்லை. மெல்லிசாக் கிடக்கு எண்டு குறை. அவவும் மரியாதைக்காகக் கொஞ்சக் காலம் தடிப்பாச் செய்து பாத்தவ, சரிவரேல்லை. உங்கட வழியிலயே போங்கோ எண்டு நிமித்திவிட்டது கோப்பர்தான்.

இப்ப கேள்விக்கு வாறன். அவ பிஸ்க் (கிளேஸ் பூச முன்னம் பாத்திரத்தை ஒருக்காச் சுடுறது) போடுறேல்லை. பச்சை மண் பாத்திரம் காய்ஞ்ச உடன, சக்கரத்தில வைச்சுச் சுத்தவிட்டுத் தூரிகையால கிளேஸைத் தடிப்பாப் பூசி, ஒரே சூட்டில முடிக்கிறது. நான் பாத்த ஒரு கிண்ணத்தைச் சொல்லுறன். அடிப்பாதம் ஒரு சின்ன வளையம், அதில இருந்து விரிஞ்சு மேல போகுது. வெளியில வெள்ளைக் கிளேஸ், முழுக்கக் குழி குழியா. விளிம்பில மாங்கனீஸ் பூசினது உருகி, வெள்ளைக்குள்ள ஒழுகி, ஒரு விரல் அகலம் கீழ வந்து நிண்டிருக்கு. ஒழுகின நுனி ஒவ்வொண்டும் ஒவ்வொரு நீளம். அதைப் பாத்திட்டு இது மின்சாரத்தில வெந்தது, உயிரில்லை எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது.

கரிப்புகை அண்ணைக்கு இன்னொண்டு. லீச் 1920-ல செயின்ட் ஐவ்ஸில தொடங்கேக்க விறகுச் சூளைதான், சரி. ஆனா கார்ன்வாலில விறகுக்குப் பஞ்சம். 1930-களின்ர கடைசியில மகன் டேவிட் அதை எண்ணெய்க்கு மாத்திப் போட்டார். லீச்சே எரிபொருளை மாத்தினவர்தான்.

கரிப்புகை

எண்ணெயும் தீதானே, அண்ணே! எரிபொருள் மாறுச்சு, சுவாலை மாறல. சூளைக்குள்ள காத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கம்பிச் சுருளைக் கொஞ்சம் குறைச்சு எரின்னு சொல்ல முடியுமா?

எண்ணெய்ப் புள்ளி பத்தி உருகுநிலை சார் சொன்னதை ஒத்துக்கறேன். அதுக்கும் 1250-க்கு மேல போகணும்.

புதுமண்

குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். மின் சூளையில ரிடக்‌ஷன் வேணும்னா அந்துருண்டை போட்டா போதும்னு ஒரு வீடியோல பார்த்தேனே? பார்க்கிற துளை வழியா ஒண்ணொண்ணா உள்ள போடறாங்க. கற்பூரம்கூடப் போடலாமாம்.

உருகுநிலை

போடாதீர்கள்.

சூளைக் கம்பியின் மேல் அலுமினிய ஆக்ஸைடு மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும். கம்பியைக் காப்பாற்றுவதே அந்தத் தோல்தான். ரிடக்‌ஷன் அதை அரித்துவிடும். சில சுடுகளில் கம்பி மெலிந்து அறுந்துபோகும். அதைவிட முக்கியம், அந்துருண்டைப் புகையும் கார்பன் மோனாக்சைடும் நீங்கள் நிற்கிற இடத்துக்குத்தான் வரும். மூடிய அறையில் சூளை வைத்திருப்பவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

மின் சூளையில் செம்புச் சிவப்பு பார்த்தே ஆகவேண்டும் என்றால், கிளேஸுக்குள்ளேயே மிக நுண்ணிய சிலிக்கான் கார்பைடு பொடியை அரை சதவீத அளவில் கலக்கிறார்கள். செம்பிடமிருந்து ஆக்சிஜனை அது உள்ளேயே பிடுங்கிக்கொள்ளும், கம்பிக்கு ஆபத்தில்லை. சிவப்பு வரும், ஆனால் திட்டுத்திட்டாக. அதே பொடி கொஞ்சம் பருமனாகவும் அதிகமாகவும் சேர்ந்தால் வாயு கிளம்பிக் கிளேஸ் கொதித்து, எரிமலைக் குழம்பு ஆறியது போன்ற குழிகள் விழும். இன்று பலர் "லாவா கிளேஸ்" என்று செய்வது இந்த முறையில்தான்.

சாம்பல்சல்லடை

ஏனுங்க, எல்லாரும் டென்மோக்குலயே நிக்கறீங்க. சாம்பலைப் பத்தி யாருமே பேசலையே!

நான் கோயமுத்தூர் பக்கமுங்க. மின் சூளைதான், கோன் 8 வரைக்கும் போவேன். மொதல் பதிவுல ஹமாடா பேர் வந்துதே, அவரு ஜப்பான்ல மாஷிகோங்கற ஊருல வெச்சிருந்த கிளேஸ்ல ஒண்ணு நூக்கா. வெள்ளையா, பால் திரிஞ்சாப்புல ஒழுகி நிக்கும். அதுக்கு உயிரே உமிச் சாம்பலுங்க. நமக்கு அது கெடைக்காதா? காங்கேயம் பக்கம் அரிசி ஆலைக்குப் போனா பாய்லர் சாம்பலை மூட்டை மூட்டையாக் கொட்டி வெச்சிருப்பாங்க, எடுத்துட்டுப் போனாப் போதும்ம்பாங்க. நெல் உமிச் சாம்பல்ல பெரும்பங்கு சிலிக்காதான், 90 சதவீதம் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் இருக்கும். அதனால தனியா உருகாது. விறகுச் சாம்பல் நேர் எதிர்ங்க. அதுல சுண்ணாம்பு ஜாஸ்தி, கொஞ்சம் பொட்டாஷ், அதனால உருக்கி விடும். நான் உமிச் சாம்பல், சவுக்குச் சாம்பல், ஃபெல்ட்ஸ்பார் மூணையும் சமமா எடுத்து ஆரம்பிப்பேன், அப்பறம் டைல் பார்த்துக் கூட்டறது கொறைக்கறது.

பாய்லர் சாம்பல் கறுப்பா இருந்துச்சுன்னா உள்ள கரி எரியாம நிக்குதுன்னு அர்த்தமுங்க. ஒரு பழைய பிஸ்க் பானையில போட்டு அடுத்த பிஸ்க் சுடும்போது ஓரமா வெச்சுருங்க, வெளுத்துரும். விறகுச் சாம்பலைத் தண்ணியில ஊறவெச்சு, மேல நிக்கற தண்ணிய வடிச்சுட்டு, 80 மெஷ் சல்லடையில சலிப்பேன். கையுறை போடாம எறங்காதீங்க, காரம் தோலை உரிச்சுரும்.

மின் சூளையில சாம்பல் கிளேஸ் பச்சையா வராதுங்க, அதை ஒத்துக்கோணும். தேன் கலர், வெளிர் மஞ்சள், இரும்பு மண்ணு மேல பூசினா தவிட்டு நிறம். ஆனா ஒழுகறது, கோடு கோடா எறங்கறது, அதெல்லாம் அப்படியே வருமுங்க.

காத்தரின் பிளைடெல்-பூவரி அம்மா லீச்சுகிட்டக் கத்துக்கிட்டுப் போயி கோல்ஸ்ஹில் எஸ்டேட்டுல இதையேதான் செஞ்சாங்க. ஒவ்வொரு மரத்தையும் செடியையும் தனித்தனியா எரிச்சு, சாம்பலைக் கலக்காம வெச்சு, எது என்ன நெறம் தருதுன்னு பார்த்தாங்க. நம்ம ஊருல வேம்பு, புளி, சவுக்கு, தென்னமட்டை, வாழைச்சருகுன்னு யாராச்சும் அப்படி உக்காந்து செஞ்சுருக்காங்களா? இருந்தாச் சொல்லுங்க, தேடிப் போயி பாக்கறேன்.

உருகுநிலை

அம்மா எழுதியது அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: உமிச் சாம்பலை அதிக வெப்பத்தில் எரித்தால் அதிலுள்ள சிலிக்கா படிகமாக மாறிவிடும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சலிக்கும்போது துணி கட்டினால் போதாது, முறையான தூசு முகமூடி வேண்டும். ஈரமாகச் சலிப்பது இன்னும் நல்லது.

மாடிச் சூளைக்காரருக்கு: இந்தச் சாம்பல் கிளேஸும் கோன் 6-ல் முழுதாக உருகாது. அங்கேயும் கொஞ்சம் ஃபிரிட் சேர்க்க வேண்டியிருக்கும்.

மொட்டைமாடி_சூளை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும்னு நினைக்கல.

தேம்ஸ்கரை அண்ணா சொன்ன ஒரே சூடு விஷயம் மண்டையைக் குடையுது. கரண்ட் பில் பாதியாகும்ல! பிஸ்க் போடாம 4-3-2-1-ஐப் பச்சைப் பாத்திரத்து மேல அப்படியே பூசலாமா? ரெண்டாவது, அந்த மாங்கனீஸ் வெண்கல நிறம். அதைச் சாப்பாட்டுக் கிண்ணத்துல போடலாமா?

உருகுநிலை

அப்படியே பூசினால் உதிரும். பச்சைப் பாத்திரம் காயும்போதும் சூடேறும்போதும் சுருங்கிக்கொண்டே இருக்கும், மேலே இருக்கும் கிளேஸும் கூடவே சுருங்க வேண்டும். சுருங்குவது அதிலுள்ள களிமண்தான். 4-3-2-1-ல் களிமண் வெறும் 10 பங்கு. அதை இரட்டிப்பாக்கி, அதற்கேற்ப குவார்ட்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணோடு சிலிக்கா வந்துவிடும். சைனா கிளேயில் ஒரு பகுதிக்குப் பதிலாக பால் கிளே (ball clay, நன்றாகக் குழையும் களிமண்) போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும், அது சுருங்குவதும் அதிகம்.

முழுக்கக் காய்ந்த பாத்திரத்தைக் கிளேஸ் வாளியில் முக்கினால் தண்ணீரை உறிஞ்சி விளிம்பு பிளந்துவிடும். லூசி ரீ தூரிகையை எடுத்ததில் இந்த வசதியும் இருக்கிறது. சூட்டை 600 வரை நிதானமாக ஏற்றுங்கள். அதன் பிறகும் களிமண்ணிலிருந்து வாயு வந்துகொண்டே இருக்கும், கிளேஸ் மூடிக்கொள்ளும் முன் அது வெளியேற வேண்டும். தொழிற்சாலையில் இருந்தபோது கிளேஸில் ஊசித்துளை விழுந்தால் அந்தச் சரக்கைத் தள்ளிவிடுவோம். அந்த அம்மையார் அதே துளைகளை வேண்டுமென்றே வரவழைத்துக் கிண்ணம் செய்தார். எனக்கு அதை ரசிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

மாங்கனீஸ்: சாப்பாட்டுப் பக்கம் வேண்டாம். மாங்கனீஸும் செம்பும் அளவுக்கு மீறிச் சேர்ந்த கிளேஸ் அது, கண்ணாடியில் முழுதாகப் பூட்டப்பட்டிருக்காது. நம் சாப்பாட்டில் புளியும் எலுமிச்சையும் மோரும் இல்லாத வேளை உண்டா? ரசம் ஊற்றி வைத்தால் உலோகம் இறங்கும். வீட்டிலேயே பார்க்க ஒரு சின்ன வழி, எலுமிச்சைத் துண்டைக் கிளேஸ் மேல் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் துடைத்துப் பாருங்கள். நிறம் மங்கியிருந்தால் அந்தப் பாத்திரம் அலமாரிக்குத்தான். மங்காவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை, அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

இன்னும் பெரிய ஆபத்து சுடும்போது. மாங்கனீஸ் புகை நரம்பைத் தாக்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்கு பார்க்கின்சன் போன்ற நடுக்கம் வந்தது நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது. மாடி திறந்த வெளியாக இருந்தால் சரி, தகரக் கொட்டகைக்குள் என்றால் சூளை எரியும்போது உள்ளே நிற்காதீர்கள்.

புதுமண்

அப்ப பழைய பாத்திரம் வாங்கிச் சாப்பிடறவங்க கதி? ஏலத் தளங்கள்ல லீச் கிண்ணம், கார்டியூ ஜாடின்னு வருதே. ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன்.

தேம்ஸ்கரை

மைக்கல் கார்டியூ 1926-ல விஞ்ச்கோம்பில தொடங்கிச் செய்த சிவப்பு மண் சாமானுக்குக் கலீனா எண்ட ஈயக் கல்லில செய்த கிளேஸ். வடிவான தேன் நிறம். வைச்சுப் பாருங்கோ, அதுக்குள்ள ஊறுகாய் போடாதேங்கோ. லீச் பட்டறையின்ர ஸ்டாண்டர்ட் வேர் எண்டு பட்டியல் போட்டு வித்த ஸ்டோன்வேர் சாமான் வேற, அது பாவிக்கவெண்டே செய்தது. அதை லீச் தன்ர கையால வனைஞ்சதில்லை, பட்டறைப் பிள்ளையள் வனைஞ்சது. விற்கிறவன் "லீச் கிண்ணம்" எண்டால் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கோ, விலை உடன இறங்கும்.

முத்திரையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 1980-களின்ர தொடக்கத்தில இங்கிலாந்தில ஃபெதர்ஸ்டோன் சிறையில மட்பாண்ட வகுப்புக்குப் போன கைதிகள், லீச்சின்ர முத்திரையையும் செய்து குத்திச் சாமான் செய்து, அது லண்டன் ஏலக் கம்பனிகள் வரைக்கும் போய் வித்துப் போச்சு. முத்திரை செய்யிறது லேசு. நான் முதல்ல அடியைத்தான் திருப்பிப் பாக்கிறது: பாதத்தை எப்பிடிச் சீவியிருக்கு, கிளேஸ் எங்க நிண்டிருக்கு, கையில தூக்கேக்க பாரம் எங்க இருக்கு. படத்தில அது தெரியாது. அதாலதான் இணையத்தில நான் வாங்கிறேல்லை.

கரிப்புகை

ரெண்டு நாளா சூளை எரிச்சதுல இந்தப் பக்கம் வரல. எல்லாத்தையும் இப்பதான் படிச்சேன்.

என்னைத் தீவிரவாதி ஆக்கிட்டீங்க, பரவாயில்ல. நாங்க கத்துக்கிட்ட வழி அப்படி. சர்தார் குர்சரண் சிங் 1919-ல ஜப்பான் போனப்ப அங்க லீச், ஹமாடா, கவாய் எல்லாரோடயும் பழகினவர். 1952-ல டெல்லி ப்ளூ பாட்டரி ஆரம்பிச்சார். புதுச்சேரியில 1971-ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கினாங்க; டெபோரா ஜப்பான்ல கத்துக்கிட்டு வந்தவங்க. இன்னிக்கு இந்தியாவுல ஸ்டோன்வேர் செய்யற பலரோட கைப்பழக்கத்தைத் தோண்டினா இதுல ஏதோ ஒரு வாசல்ல போய் நிக்கும். அந்த வழியில வந்தவனுக்குத் தீதான் முதல் பாடம்.

ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு, சூளை வாங்குன்னு ஒத்தை வரியில சொன்னதோட விட எனக்கு இஷ்டமில்ல. நீங்க லூசி ரீயை சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கீங்க. அந்த அம்மா டென்மோக்கு மாதிரி ஒண்ணை மின் சூளையில வரவழைக்கணும்னு உக்காந்திருந்தா இன்னிக்கு அவங்க பேர் நமக்குத் தெரிஞ்சிருக்காது. ஏவ்பரி மியூசியத்துல பறவை எலும்பால கீறின வெண்கலக் காலத்துப் பானையைப் பார்த்தாங்க, வந்து ஊசியை எடுத்து மாங்கனீஸ் பூச்சுல கோடு இழுத்தாங்க. கோப்பர் இன்னும் ஒரு படி மேல. பல பாத்திரத்துல வெளிப்பக்கம் கிளேஸே கிடையாது. வெள்ளை ஸ்லிப் (களிமண் குழம்பு), கறுப்பு மாங்கனீஸ், மாத்தி மாத்திப் பூசி, தேய்ச்சு, சுரண்டி, கல்லு மாதிரி ஆக்கிட்டார். 1962-ல கவன்ட்ரி தேவாலயத்துக்கு ஆளுயரத்துக்கு மேல மெழுகுவத்தித் தண்டு செஞ்சார், அதுவும் அந்த வழிதான். அதே 1938-ல வியன்னாவுல இருந்து தப்பி லாஸ் ஏஞ்சலஸ் போன நாட்ஸ்லர் தம்பதியைப் பாருங்க. கெர்ட்ரூட் அம்மா வனைவாங்க, முட்டை ஓடு கனத்துக்கு. ஓட்டோ கிளேஸ் மட்டும். கொதிச்சு வெடிச்ச கிளேஸ்ல அந்த மனுஷன் வாழ்நாளையே போட்டார்.

கார்டியூவும் அப்படித்தான். 1951-ல நைஜீரியாவுல அபுஜாவுக்குப் போனார். இங்கிலாந்து சாமான் அங்க எங்க கிடைக்கும்? உள்ளூர்க் கல்லையே அரைச்சுக் கிளேஸ் செஞ்சார். லாடி க்வாலிங்கற குயவர் அங்க வந்து தன் ஊர்ப் பானையை அதே உருவத்துல ஸ்டோன்வேர்ல செஞ்சாங்க. அந்த ஊர் 20 நைரா நோட்டுல இருக்கிறது அவங்கதான். ஹமாடாவோட காக்கி கிளேஸ் மாஷிகோ பக்கத்துல வெட்டின ஒரே கல்லு, அரைச்சுப் பூசறது, அவ்வளவுதான்.

உருகுநிலை சார் சொன்ன ஃபிரிட் வழியில நிச்சயமா கறுப்பா ஒரு கிளேஸ் வரும். வரட்டும், கத்துக்கலாம். ஆனா அதை டென்மோக்குன்னு சொல்லிக் கடை போடறதுக்குப் பதிலா, சாம்பல்சல்லடை அம்மா சொன்ன உமிச் சாம்பலைப் பிடிங்க. மின் சூளையில வெள்ளை கிளேஸ் பழி வாங்காது. நூக்கா ஆக்சிடேஷன்லயும் வெளுப்பாத்தான் நிக்கும். பச்சையா வரலையேன்னு ஏங்கற வேலை இல்ல.

சாம்பல்சல்லடை

அண்ணா, வெளுப்பா நிக்கும்னாலும் கேஸ் சூளையில வர்ற நீலப் பூச்சு மின் சூளையில வராதுங்க, அதையும் சொல்லிரோணும். எனக்கு வர்றது தயிர் வெள்ளைதான். எனக்குப் பிடிச்சுருக்கு.

இன்னொண்ணு. கிளேஸைத் தடிமனாப் பூசினா ஓடி அலமாரித் தட்டுல ஒட்டிக்கும். டைலை நிமித்தி வெச்சுச் சுடுங்க, கீழ களிமண்ணுல ஒரு சின்னத் தட்டு வெச்சுருங்க.

மொட்டைமாடி_சூளை

சரி, இப்படிப் போறேன், தப்பிருந்தா சொல்லுங்க. ஒண்ணு, காலையில 1260 எட்டுதான்னு கோன் வச்சுப் பார்க்கிறது. எட்டினா 4-3-2-1 மறுபடியும், இரும்பு 8, 9, 10. ரெண்டு, எட்டலைன்னா ஃபிரிட் வரிசை. மூணு, உமிச் சாம்பல், சவுக்குச் சாம்பல், ஃபெல்ட்ஸ்பார் சம பங்கு, ஃபிரிட் போட்டும் போடாமலும். பச்சைப் பாத்திரத்துல பூசறதை அடுத்த சுற்றுக்கு வச்சுக்கிறேன். மாங்கனீஸ் இப்ப வேண்டாம்.

உருகுநிலை

சரியான வரிசை. கோனை ஒரு தட்டில் மட்டும் வைக்காதீர்கள். மேல், நடு, கீழ் மூன்றிலும் வையுங்கள், சின்னச் சூளையிலும் வித்தியாசம் இருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்; கிளேஸுக்குக் கிடைத்தது என்ன என்று கோன்தான் சொல்லும்.

உச்சத்துக்குப் போனதும் உடனே அணைக்காமல் கால் மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு 1000 டிகிரி வரை மெதுவாக இறக்குங்கள். மின் சூளை சுவர் மெலிது, சீக்கிரம் ஆறிவிடும். இரும்பு கிளேஸின் விளிம்பில் நீங்கள் கேட்ட அந்தத் துரு நிறம் பெரும்பாலும் ஆறும்போதுதான் பிறக்கிறது.

கரிப்புகை

தம்பி, அதே கிளேஸ் பூசின டைல்ல இன்னொரு செட் எனக்கு அனுப்புங்க. அடுத்த தடவை கேஸ் சூளை எரிக்கும்போது உள்ள வச்சுடறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இங்க படம் போடுங்க, அப்புறம் சண்டை போடலாம். முகவரி தனிச்செய்தியில அனுப்பறேன்.

மொட்டைமாடி_சூளை

கண்டிப்பா அண்ணா! டைல் பின்னால நம்பரும் கலவையும் பென்சில்ல எழுதி அனுப்பறேன்.

கரிப்புகை

பென்சில் எரிஞ்சு போயிடும். இரும்பு ஆக்ஸைடைத் தண்ணியில குழைச்சு எழுதுங்க.